மரங்கொத்தி தலையில் ஏற்றிய அறிவு

ஓடைக்கரைக் காட்டில் முப்பது மந்திகள் கூட்டமாக வாழ்ந்தன. முகம் மட்டும் கறுத்து, உடம்பெல்லாம் சாம்பல் பூத்த மந்திகள். இலைதான் அவற்றுக்குச் சோறு. காட்டில் எழுபது வகை மரமும் கொடியும் இருந்தன. அவற்றில் பாதி வயிற்றை நிரப்பும். கால்வாசி வயிற்றைப் புரட்டும். மிச்சம் ஆளையே கொன்றுவிடும்.

எது எப்படி என்று தெரிந்துகொள்ளக் குட்டிகளுக்கு நான்கு வருடம் ஆகும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர்கள் எதையாவது மென்றுகொண்டிருக்கும்போது குட்டி போய் அவர்கள் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்க்கும். பிறகு அதே வாசனை வருகிற இலையைத் தேடித் தின்னும். வாசனை கொஞ்சம் மாறினாலும் திரும்பி வந்து இன்னொரு முறை மோந்து பார்க்கும். வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் சடைச்சி என்றொரு மந்தி இருந்தாள். முதலில் பிறந்த குட்டியைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. இரண்டாவது காய்ச்சலில் போனது. மிஞ்சியது மூன்றாவது ஒன்றுதான். மொச்சைக்கொட்டை போலக் கண் இருந்ததால் அதற்கு மொச்சை என்று பெயர். இரண்டு வயதுக் குட்டி. தின்பதைவிட மோந்து பார்ப்பதுதான் அவளுக்கு அதிகம். ஒரே இலைக்குப் பத்துத் தரம் வந்து தாயின் வாயில் மூக்கை வைப்பாள். "இவளோடு மாரடிக்க முடியவில்லை" என்று சடைச்சி எல்லோரிடமும் அலுத்துக்கொள்வாள். அலுப்பெல்லாம் வெளிவேஷம். அந்த ஈர மூக்கு வந்து உதட்டோரம் ஒட்டும்போது அவளுக்கு மெல்லுவதே மறந்துபோகும்.

கூட்டத்தில் இலையைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நாச்சி. நடுவயதுக்காரி, குட்டி இல்லாதவள். தாய் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஊர்க்குட்டிகள் எல்லாம் அவள் வாயைத்தான் மோந்து பார்க்கும். அவளிடம் ஒரு குறை, பேச மாட்டாள். இன்னொரு குறை, நூறு முறை தின்ற இலையானாலும் ஒரு கடி கடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். நெடுநேரம் கழித்துத்தான் விழுங்குவாள், இல்லாவிட்டால் துப்புவாள். நாச்சி ஒரு கொழுந்தைத் தின்று முடிப்பதற்குள் அடுத்த கொழுந்து முற்றிவிடும் என்று கேலி பேசுவார்கள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. ஓடை மணலாயிற்று. மரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாகின. தின்கிற இலையைத் தேடித் தாய்கள் ஒரு மலை தாண்டிப் போக வேண்டியிருந்தது. நான்கு வருடம் நிதானமாக மோந்து கற்றுக்கொள்ளக் குட்டிகளுக்கு ஏது நேரம்? தெரிந்தவை பிழைக்கும், தெரியாதவை சாகும் என்கிற நிலைமை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கொத்தனார் ஒன்றைக் கண்டுபிடித்தார். கொத்தனார் என்பது அந்தக் காட்டு மரங்கொத்திக்கு மந்திகள் வைத்திருந்த மரியாதைப் பெயர். தொழிலில் கெட்டிக்காரர். மரத்தை ஒரு தட்டு தட்டிக் காது கொடுத்துக் கேட்டால் போதும், புழு எங்கே, வெறும் பொந்து எங்கே என்று சொல்லிவிடுவார். உயிர் அசைகிற சத்தம் வந்தால் அங்கே கொத்துவார். சத்தம் இல்லாவிட்டால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அவர் வம்சமே அப்படித்தான் வயிறு வளர்த்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் நாச்சி மருத மரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் கூசிய கொத்தனார் அவள் மண்டையை மரத்தின் முண்டு என்று நினைத்துத் தட்டிவிட்டார். நாச்சி எழுந்து விட்ட அறையில் இரண்டு இறகு பறந்தது. ஆனால் அதற்குள் அவர் காதில் ஏதோ விழுந்துவிட்டது. மண்டைக்குள்ளிருந்து ஒரு தாளம். அடுத்த மரத்துக்குப் பறந்து போய் அதே தாளத்தை மரத்தில் கொத்திப் பார்த்தார். மரத்தைக் கொத்தினால் கொத்துகிறவர் தலையும் அதிருமல்லவா? அதிர்ந்த தலைக்குள் சட்டென்று நாவல் கொழுந்தின் துவர்ப்பு வந்து உட்கார்ந்தது. எந்தப் பாறைக்குப் பின்னால் அந்த மரம் நிற்கிறது என்றும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து புழுவைத் தவிர வேறு எதையும் தொடாத பறவைக்கு, இலையை நினைத்து வாயில் எச்சில் ஊறியது.

கொத்தனார் அன்று முழுக்க நிலைகொள்ளவில்லை. மறுநாள் காலையில் கோமளி என்ற மந்தியிடம் போனார். அவள் மகன் வீரணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காதுக்கு மேலே அந்த நாவல் தாளத்தை மெதுவாகத் தட்டினார். முடித்ததும் வீரணன் எழுந்து, யார் வாயையும் மோந்து பார்க்காமல், நேராகப் பாறைக்குப் பின்னால் போய், நாவல் மரத்தில் ஏறித் தின்ன ஆரம்பித்தான். அந்த மரம் அங்கே இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

கூட்டம் கூடிவிட்டது. நாச்சிக்குத் தெரிந்த எழுபதையும் எல்லாக் குட்டிகள் தலையிலும் ஏற்றிவிட்டால் என்ன என்று கோமளி கேட்டாள். கூட்டத் தலைவரான கடுவன் உடனே சரி என்றார். எந்த விஷயத்தையும் யோசித்து முடிவெடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முடிவெடுத்துவிட்டு யோசிக்கிற பழக்கமும் இல்லை. நாச்சியிடம் கேட்டார்கள். எடுத்தால் தனக்குக் குறைந்துபோகுமா என்று மட்டும் அவள் விசாரித்தாள். குறையாது என்று கொத்தனார் சத்தியம் செய்தார். அப்படியானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று தலையைக் குனிந்து கொடுத்தாள்.

மூன்று நாள் கொத்தனார் அவள் தலையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இலைக்கு ஒரு தாளம் இருந்தது. வேங்கைக்கு ஒன்று, அத்திக்கு ஒன்று, எட்டிக்கு ஒன்று. ஆனால் ஒவ்வொரு தாளத்துக்குப் பின்னாலும் நீளமாக ஒரு மௌனம் வந்தது. அந்த இடத்தில் தட்டினார், பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினார், அப்போதும் இல்லை. வெறும் பொந்து என்று முடிவுகட்டினார். பொந்தில் ஒன்றும் இருக்காது என்பது முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் அவருக்குத் தெரியும். மௌனங்களை எல்லாம் தள்ளிவிட்டுத் தாளங்களை மட்டும் நெருக்கிக் கோத்துக்கொண்டார். மூன்று நாள் சரக்கு அரைநாள் சரக்காகச் சுருங்கிவிட்டது.

கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. சின்ன மண்டைகள் அதிகம் வலிக்கக் கூடாது என்றுதான் சுருக்கினார். அவரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

மறுநாளிலிருந்து மருத மரத்தடியில் தாய்கள் குட்டிகளோடு வரிசையில் நின்றார்கள். பத்து நாளில் பத்துக் குட்டிகளுக்குத் தட்டி முடித்தாயிற்று. சடைச்சி மட்டும் வரவில்லை. மொச்சைக்கு மோந்து பார்ப்பதே பிடித்திருக்கிறது, அப்படியே கற்றுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். உண்மையில் யாருக்குப் பிடித்திருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தட்டிய குட்டிகள் விடிந்ததும் காட்டுக்குள் பாய்ந்தன. நிற்கவில்லை, கேட்கவில்லை, தேடவில்லை. எந்தப் பள்ளத்தில் எந்தக் கொழுந்து என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மொச்சை ஓர் இலையைப் பறித்து, ஓடி வந்து தாயை மோந்து பார்த்து, திரும்பிப் போவதற்குள் கிளை மொட்டையாகியிருக்கும். பல நாள் வெறும் காம்போடு திரும்பி வந்தாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

கோமளி ஒருநாள் சடைச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, உன் குட்டி இன்னும் மோந்து பாத்துக்கிட்டா இருக்கு?"

"அவளுக்கு அது பிடிச்சிருக்குக்கா."

"எம்மகன் எழுபதையும் முடிச்சுட்டு உக்காந்திருக்கான். உன் மக எட்டாவது இலையில நிக்கிறா. பஞ்ச காலத்துல பிடிச்சது பிடிக்காதது பாத்தா பிள்ளை மிஞ்சுமா? ஏற்கெனவே ரெண்டைக் குடுத்தவ நீ."

கடைசி வார்த்தை சடைச்சியின் நெஞ்சில் போய்த் தைத்தது. கோமளி தைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னாள். அக்கறையோடு சொல்லப்படுவதற்கு மறுப்புச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தெரியும்.

மொச்சையும் அன்று சாயங்காலம் அழுதாள். தன்னை மட்டும் யாரும் விளையாடச் சேர்ப்பதில்லை என்றாள். வீரணன் தன்னை மோப்பக்காரி என்று கூப்பிடுகிறான் என்றாள். அந்த மூக்கைத் தாயின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, "எனக்கும் தட்டச் சொல்லும்மா" என்றாள்.

சடைச்சி அடுத்த நாள் காலையில் மருத மரத்தடிக்குப் போனாள். குட்டியைக் கொத்தனார் முன்னால் உட்காரவைத்துவிட்டு, விலகாமல் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? என்னை மோந்து பாக்கிறதை இவ மறந்துடுவாளா?"

"மறக்கமாட்டா, தாயி. இனிமே அதுக்கு அவசியம் இருக்காது. அவ்வளவுதான்."

தட்ட ஆரம்பித்தார். மொச்சை கண்ணை இறுக்கிக்கொண்டு தாயின் விரலைப் பிடித்திருந்தாள். வலி அதிகம் இல்லை. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து, "அம்மா, அந்த மலைக்குப் பின்னால இலுப்பை மரம் இருக்கு" என்று ஆச்சரியத்தோடு சொன்னாள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பிடித்திருந்த விரலை விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

மறுநாள் விடியற்காலையில் சடைச்சி வேங்கைக் கொழுந்தை மென்றுகொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தாள். மொச்சை தாண்டிப் போனாள்.

"அது வேங்கை. எனக்குத் தெரியும்மா."

சடைச்சிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மொச்சைக்கு உடம்பு தேறியது. விலா எலும்பு மறைந்தது. வீரணனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து ஓடினாள். தாய் ஏதாவது கொடியைத் தொட்டால், "அதைத் தின்னாதே, வயிற்றைப் புரட்டும்" என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஆனாலும் மெல்லும்போது சடைச்சியின் முகம் தானாகத் தாழும். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிமிரும். நான்கு வருடம் கிடைக்க வேண்டிய ஒன்றை அரை நாளில் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அதை வெளியே சொல்லி அழவும் முடியாது.

கோடை முற்றியது. வேங்கையும் போயிற்று, அத்தியும் போயிற்று. மேற்குச் சரிவில் ஒரு மரக்கூட்டம் மட்டும் பச்சையாக நின்றது. மந்திகள் அதைப் பால்கொழுந்து என்று சொல்வார்கள். கிள்ளினால் பால் வடியும், தின்றால் இனிக்கும். மழைக்காலத்தில் வேண்டிய மட்டும் தின்பார்கள். இவ்வளவு கொடிய வறட்சியில் அந்த மரம் பச்சையாக நின்று யாரும் பார்த்ததில்லை. ஏனென்றால் இவ்வளவு கொடிய வறட்சியையே யாரும் பார்த்ததில்லை.

முதலில் அங்கே போனவள் நாச்சி. ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கடித்தாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இனிப்பு இருந்தது. இனிப்புக்கு அடியில், நாக்கின் ஓரத்தில், மெல்லிய ஓர் எரிச்சலும் இருந்தது. முன்பு இல்லாத எரிச்சல். துப்பிவிட்டு, ஈர மணலைத் தோண்டி வாயைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் எப்போதும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் முன்பெல்லாம் வந்ததில்லை, மோந்து பார்க்க எப்போதும் ஒரு குட்டியாவது பக்கத்தில் இருக்கும்.

மறுநாள் காலையில் பதினொரு குட்டிகளும் சரிவில் ஏறின. பெரியவர்கள் பின்னால் வந்தார்கள். கொஞ்ச இலைதான் இருக்கிறது, பிள்ளைகள் முதலில் தின்னட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். வறட்சி வந்ததிலிருந்து அவர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். தாங்கள் பட்டினி கிடந்தார்கள்.

மொச்சை ஒரு கொத்துக் கொழுந்தைப் பறித்தாள். பக்கத்தில் நின்ற சடைச்சியின் மூக்கில் அந்தப் பாலின் வாசனை பட்டது. என்னவோ சரியில்லை என்று தோன்றியது. கை நீட்டிக் குட்டியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறும்மா. வாசனை வேற மாதிரி இருக்கு."

"இது பால்கொழுந்தும்மா. நல்ல இலை. நாச்சி அத்தைக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும்."

சடைச்சி யோசித்தாள். தனக்குத் தெரிந்தது நாற்பது இலை. குட்டிக்குத் தெரிந்தது எழுபது. அதுவும் காட்டிலேயே பெரிய அறிவாளியின் எழுபது. அதோடு மற்ற பத்துக் குட்டிகளும் ஏற்கெனவே தின்ன ஆரம்பித்துவிட்டன. ஒன்றுகூட நிற்கவில்லை, ஒன்றுகூட முகம் சுளிக்கவில்லை. பதினொரு பேருக்கும் ஒரே மாதிரித் தெரிந்த ஒரு விஷயத்தில், படிக்காதவள் மூக்கை நுழைப்பதா? பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அப்படி விட்டுவிட்ட தன் கையை அவள் அப்புறம் எத்தனையோ முறை கடித்துக்கொண்டாள். தழும்புகூட விழுந்தது.

முதலில் வீரணன் கிளையிலிருந்து நழுவினான். விளையாடுகிறான் என்று நினைத்தார்கள். பிறகு இன்னொன்று விழுந்தது. இன்னொன்றுக்குக் கால் இழுத்தது. தாய்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நாக்கின் ஓரத்தில் எரியவில்லையா என்று கேட்டால், எரிந்தது, ஆனால் நல்ல இலை என்று தெரியுமே என்று ஒரு குட்டி சொல்லிற்று. எரிச்சல் அவற்றுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. எரிந்தால் நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

மொச்சை தவழ்ந்து தாயிடம் வந்தாள். மடியில் ஏறினாள். தலைக்குள் இருந்த எழுபதில் எதுவும் அவளுக்கு அப்போது உதவவில்லை போலிருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு தாயின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். சடைச்சியின் வாயில் ஒன்றும் இல்லை. அவள் இரண்டு நாளாக எதுவும் தின்றிருக்கவில்லை. மொச்சை எதற்கோ காத்திருக்கிறவளைப் போல மூக்கை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பதினொரு குட்டிகளும் செத்துப்போயின.

சாயங்காலம் நாச்சியைப் பிடித்து இழுத்து வந்து மருத மரத்தடியில் நிறுத்தினார்கள். கோமளிதான் முதலில் பாய்ந்தாள். இப்படி ஒரு விஷத்தை நல்ல இலை என்று தலைக்குள் வைத்திருந்தாயே என்று அவள் மயிரைப் பிய்த்தாள். நாச்சி தடுக்கவில்லை. முந்தின நாளே அதைக் கடித்துத் துப்பிவிட்டதாகச் சொன்னாள்.

"துப்பினா ஏன் சொல்லலை?"

"கேக்க யாரும் வரலையே. முன்னெல்லாம் நான் எதைத் துப்பினாலும் ஒரு குட்டியாவது வந்து வாயை மோந்து பாக்கும். இப்ப எனக்குத் தெரிஞ்சதுதான் எல்லாருக்கும் தெரியும்னு ஒருத்தரும் எம்பக்கம் திரும்பலை."

கொத்தனார் கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாளே துப்பினாள் என்ற வார்த்தை அவரைக் குடைந்தது. இறங்கி வந்து, நாச்சியின் அனுமதி கேட்டு, அவள் தலையில் பால்கொழுந்தின் இடத்தைத் தட்டிக் கேட்டார். தாளம் இருந்தது. நல்ல இலை என்றுதான் சொன்னது. அதன் பின்னால் அந்த மௌனம் வந்தது. இந்த முறை அவர் தாண்டிப் போகவில்லை, காது கொடுத்துக் காத்திருந்தார். மந்திகளும் காத்திருந்தன. நெடுநேரம் கழித்து, மௌனம் முடிகிற இடத்தில், துப்பு என்று மெல்லிய ஒரு தட்டு கேட்டது. நாச்சியின் அறிவு முழுவதும் அந்த மௌனத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் இது நல்ல இலைதானா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுக்கொண்ட இடம் அது.

கொத்தனாருக்கு இறகெல்லாம் தளர்ந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

"வெறும் பொந்துன்னு நினைச்சு நான்தான் விட்டுட்டேன்."

அப்படியானால் இனிமேல் விடாமல் அதையும் சேர்த்துத் தட்டுங்கள் என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி சொன்னாள். கொத்தனார் அலகைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். தட்டினால் சத்தம் வந்துவிடும், மௌனம் போய்விடும். தட்டாமல் இருந்தால் எதுவும் உள்ளே போகாது. ஆளுக்கு ஆள் சொந்தமாகச் செய்துகொள்ள வேண்டிய ஒன்றை எந்தத் தாளத்தில் அனுப்புவது? அலகைத் தாழ்த்தினார். முடியாது என்று சொன்னார். அன்றே அந்தக் காட்டைவிட்டுப் பறந்துபோனார். இப்போது எந்த மரத்தையும் கொத்தக் கூசி, கீழே விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்கிறார் என்று கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு துக்கக் கதை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

கடுவன் தீர்ப்புச் சொன்னார். தலையில் ஏற்றுவது நல்ல முறைதான், வீரணன் நாவல் மரத்தைக் கண்டுபிடித்ததை எல்லோரும் பார்த்தோம். எடுத்த தலைதான் கோளாறு. "ஓட்டைத் தலை. அதிலேருந்து எடுத்தது எப்படி விளங்கும்?" என்றார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. நாச்சியைக் கல்லால் அடித்துத் துரத்தினார்கள். சடைச்சி கல் எடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. மடியில் மொச்சையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாள் அப்படியே வைத்திருந்தாள்.

நாச்சி சரிவு தாண்டிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் காட்டில் தயங்கத் தெரிந்த ஒரே தலை அவளுடையது. அது போய்விட்டது.

பிறகு மழை வந்தது. அளவுக்கு மீறியே வந்தது. ஓடை நிரம்பியது, எழுபது வகையும் துளிர்த்தன. அடுத்த வருடம் கூட்டத்தில் ஏழு குட்டிகள் பிறந்தன. சடைச்சிக்குப் பிறக்கவில்லை.

பக்கத்துக் காட்டிலிருந்து வேறொரு மரங்கொத்தி வந்து சேர்ந்தார். பழைய கொத்தனாரைவிட வேகமானவர். யார் தலையிலிருந்து எடுப்பது என்று கேட்டார். கடுவன் தன் தலையைக் காட்டினார். புதியவர் தட்டிக் கேட்டு அசந்துபோனார். வேங்கை நல்லது, டொக். எட்டி கெட்டது, டொக். பால்கொழுந்து கெட்டது, டொக். நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லை. இப்படிச் சுத்தமான ஒரு தலையைத் தான் பார்த்ததே இல்லை என்று புகழ்ந்தார். மழையில் பால்கொழுந்து மீண்டும் இனித்துக் கிடந்தது, எரிச்சல் போயிருந்தது. யாரும் கிட்டே போகவில்லை. நேற்று விஷமானது இன்று உணவாகியிருக்குமோ என்று கடித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

இப்போது பஞ்சமும் இல்லை. நான்கு வருடம் என்ன, எட்டு வருடம் உட்கார்ந்து மோந்து பார்த்துக் கற்கலாம். ஆனாலும் மருத மரத்தடியில் மறுபடி வரிசை நின்றது. எதிர்மலைக் கூட்டத்தில் பிறந்த மாதமே தட்டிவிடுகிறார்களாம் என்று ஒரு பேச்சு வந்திருந்தது. வரிசையில் கோமளியும் நின்றாள், புதுக் குட்டியோடு.

அன்று சடைச்சி எழுந்து போனாள். ஒரு வருடமாக யாரோடும் பேசாதவள், வரிசையின் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். முதலில் நின்றவள் பவளம், சின்ன வயசுக்காரி, அது அவளுடைய தலைப்பிள்ளை. குட்டி அவள் வாயை மோந்து பார்க்க எக்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் தங்கச்சி. நாலு வருஷம் ஆனா ஆகட்டும். உன் வாயை மோந்தே கத்துக்கட்டும்."

பவளம் மரியாதையாகத்தான் கேட்டாள். "அக்கா, அன்னைக்கு நீங்க ஏன் தட்டச் சொன்னீங்க?"

சடைச்சிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை அந்தக் குட்டி அன்று தட்டுக்குத் தப்பியிருக்கும்.

"எம்பிள்ளை மட்டும் பின்தங்கிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"எனக்கும் அந்தப் பயம்தான்க்கா" என்றாள் பவளம்.

சடைச்சி விரித்த கை தானாகக் கீழே இறங்கியது. அவளுக்கே யாராவது அன்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். பவளம் அவளைச் சுற்றிக்கொண்டு போய், குட்டியின் முகத்தைத் தன் வாயிலிருந்து மெதுவாகத் திருப்பி, தலையைக் குனியவைத்தாள். மரங்கொத்தி இடைவெளி இல்லாமல் தட்ட ஆரம்பித்தார்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தயங்கத் தெரியாத அறிவு அறியாமையைவிடச் சீக்கிரம் கொல்லும், ஆனால் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று பயந்து நிற்கிற பெற்றவர்கள் காதில் அது ஒருநாளும் ஏறாது.